நாற்காலி மாறி உட்காருங்கள்

போன வாரம் பிரேக்கம்மாவைச் சமையலறைக் கடிகாரத்துக்கு முன்னால், கையில் போனோடு, திறந்த வாய் திறந்தபடி நிற்கவிட்டு வந்தோம். பாவம், இந்நேரம் கால் கடுத்திருக்கும். போய்ப் பார்ப்போம்.

அதற்கு முன், நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிரேக்கம்மா என்பது டிரைவிங் ஸ்கூலில் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் வைத்த பெயர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், அவள் காலடியில், தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை அமுக்குகிற பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. கணவரோடு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலும் கால் அமுக்கும். மாமனார் உப்பு டப்பா பக்கம் கையைக் கொண்டுபோனாலும் கால் அமுக்கும்.

ரோட்டில் பிரேக் என்றால் இணையத்தில் ஏணி. ‘ஒரு படி மேலே’ என்று ஒரு குழு. தன்னைத் திருத்திக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கூடுகிற இடம். அங்கே புதன்கிழமைதோறும் பேச்சை நடத்துகிறவள் இவள்தான், ‘ஏணி’ என்ற பெயரில். குழுவினர் மரியாதையாக ‘ஏணியம்மா’ என்பார்கள்.

காலையில் எழ முடியவில்லை, கோபத்தை அடக்க முடியவில்லை, ‘முடியாது’ என்று சொல்ல வாய் வரவில்லை என்று யார் யாரோ எழுதுவார்கள். அதில் ஒன்றை எடுத்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி குழுவின் உச்சியில் மாட்டுவாள். எல்லோரும் யோசனை சொல்வார்கள். கடைசியில் ஏணியம்மா அத்தனையையும் சாறு பிழிந்து, ‘இந்த வாரப் படி’ என்று ஒரு சின்ன வேலை கொடுப்பாள். எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். சொந்தப் பெயர் கூடாது, ஊர் கூடாது, யாரையும் கெஞ்சி மனசைக் கரைக்கக் கூடாது. கடைசி விதி அவளே போட்டது.

வீட்டில் ஒருத்தருக்கும் இது தெரியாது. போனும் கையுமாக இருந்தால் “ஸ்கூல் வேலை” என்பாள்.

சில வாரங்களாக அங்கே ‘ஓரமா ஒருத்தர்’ என்று ஒரு ஆள் எழுதிக்கொண்டிருந்தார். “ஒரே வீட்டில் பல வருடமாக இருக்கிறேன். இங்கே ஒருவர் எனக்கு நல்லது மட்டும்தான் செய்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. தனியாகப் போய் இருக்க ஆசை, தைரியம்தான் இல்லை.” ஏணியம்மா உருகிப்போனாள். யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் ஒரு அறையைப் பாருங்கள், சாவியை வாங்குங்கள், மற்றது தானாக நடக்கும் என்று வாராவாரம் தைரியம் ஊட்டினாள். அந்த ஆளும் அறை பார்த்தார். சாவியும் வாங்கினார். குழுவே கை தட்டியது.

நேற்று அதே ஆள் எழுதிய ஒரு வரியில்தான் வினை வந்தது. “இந்த வீட்டில் கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லோரும் சுறுசுறுப்பாக இருக்க வேண்டுமாம், பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள்.”

பிரேக்கம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவரில் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளி வைத்தவள் அவளேதான்.

* * *

கடிகாரத்தைத் தள்ளி வைக்கிற வீடு உலகத்தில் எத்தனையோ இருக்கும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். மனசு தேறினால்தானே!

வீட்டில் இருப்பது மூன்று பேர். அவளைக் கழித்தால் இரண்டு பேர்.

மாமனாரை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் விசில் ஊதியவர். மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். கைக்கடிகாரமும் ஒரு பழைய டேப்லெட்டும்தான் அவர் சொத்து. டேப்லெட் அவள் கொடுத்தது, ஞாபக சக்திக்காகச் சொல் விளையாட்டு ஆடுவதற்கு. ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஆடிக்கொண்டிருப்பார். அவரையா இவள் சரியாக வைத்துக்கொள்ளவில்லை? “மாமா, கூன் போடாதீங்க”, “மாமா, வெந்நீர் குடிச்சீங்களா?”, “மாமா, இன்னிக்கு நடந்தீங்களா?” என்று உள்ளங்கையில் வைத்தல்லவா தாங்குகிறாள்! குளியலறைக் கண்ணாடியில் ‘இன்று சிரித்தீர்களா?’ என்று ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டி வைத்திருக்கிறாள், அவருக்காகவே.

மிச்சம் இருப்பவர் கணவர்.

அவருக்குப் பல் கட்டுகிற லேபில் வேலை. ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்து கொடுப்பார், தன் வாயை மட்டும் திறக்கமாட்டார். கொஞ்ச நாளாகப் போனைக் குளியலறைக்குள் எடுத்துக்கொண்டு போகிறார். இவள் பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். போன வாரம் இரண்டு நாள் தாமதமாக வந்தார், கேட்டால் “கடைவாய்ப் பல்லு” என்றார். எந்தக் கடைவாய், யார் பல்லு, ஒன்றும் கிடையாது.

இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று நேற்று சாயங்காலமே ஒரு தூண்டில் போட்டாள். ஏணியம்மா கொடுத்த இந்த வாரப் படி இதுதான்: “நாளைக் காலையில், நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டு, வேறு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வீடு வேறு மாதிரி தெரியும்.”

எப்படி! அவளுக்கே தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

* * *

காலையில் டீ போட அடுப்படியில் நின்றவள், ஒரு கண்ணை மேஜைமேல் வைத்திருந்தாள். இன்னொரு கண் பால் மேல். பால் பொங்கி வழியப் போகும் நேரம் பார்த்து இரண்டு கண்ணும் அடுப்புக்குப் போய்விட்டன. கோப்பைகளோடு திரும்பினால், தூக்கிவாரிப் போட்டது.

மாமனார் நாற்காலியில் கணவர். கணவர் நாற்காலியில் மாமனார்.

“என்ன இது, இடம் மாறி உட்கார்ந்திருக்கீங்க?”

“சும்மாதான்” என்றார் கணவர்.

“என்ன சும்மா?”

“சும்மான்னா சும்மாதான்.” அவர் அவளையே உற்றுப் பார்த்தார். என்ன பார்வை அது! வெட்கமா, சவாலா? ஒரு மனிதர் இத்தனை வருடம் குடித்தனம் நடத்திவிட்டு இப்படியா ஒரு அந்நிய ஆளைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்?

மாமனார் வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். “எந்த நாற்காலியா இருந்தா என்னம்மா? டீ ஒண்ணுதானே.”

“உங்களுக்குச் சர்க்கரை போடலை, மாமா.”

“தெரியும்மா” என்றார் மாமனார்.

பிரேக்கம்மாவால் உட்கார முடியவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே டீயைக் குடித்தாள். கணவர் அதையும் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். குற்றமுள்ள நெஞ்சுக்குத் தொண்டையில் ரொட்டி இறங்குமா?

அவளுக்கு அழுகை முட்டியது. போகிற ஆளைச் சாவி வாங்கச் சொன்னது யார்? இவள். விளக்கம் சொல்ல வேண்டாம் என்றது யார்? இவள். தன் குடித்தனத்தைத் தானே புட்டுப் புட்டுக் கொடுத்திருக்கிறாள், அதுவும் குழுவே கை தட்டக் கை தட்ட.

கிளம்புவதற்கு முன் குழுவை ஒரு பார்வை பார்த்தாள். ஓரமா ஒருத்தருக்குப் பதில் சொல்லி ‘வாயில்லாப்பூச்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பெயர்தான் அப்படி. எழுத ஆரம்பித்தால் பத்தி பத்தியாக எழுதுகிற தொல்லை. எத்தனை முறை அழித்தாலும் திரும்பத் திரும்ப வருவார். “தயவுசெய்து போகாதீங்க. போயே ஆகணும்னா, என்ன குறைன்னு ஒரு வார்த்தை நேர்ல சொல்லிட்டாவது போங்க. வீட்டுல இருக்கிற மண்டுக்கு அது தெரியாமலே இருக்கலாம்.”

கெஞ்சல் கூடாது என்பது விதி. கால் பிரேக்கை அமுக்குகிற வேகத்தில் விரல் அதை அழித்துவிட்டது. அழித்த பிறகுதான், அந்த ஆள் சொன்னதில் என்ன தப்பு என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து என்ன பிரயோசனம்?

* * *

மத்தியானம் மருந்துக்கடைக்காரருக்கு வகுப்பு. ஐம்பது வயதில் ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று ஊருக்கே சொல்கிறவர், கியரை எப்போது மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் இவளைக் கேட்பார்.

கிளம்புமுன் லேபுக்குப் போன் போட்டாள். “அவரா? மத்தியானம் லீவு சொல்லிட்டுப் போயிட்டாரே, வீட்டுல ஏதோ அவசரம்னு” என்றது எதிர்முனை.

வீட்டில் அவசரமா? வீட்டுக்காரிக்குத் தெரியாத அவசரம்!

ஓரமா ஒருத்தர் தன் புது அறையைப் பற்றி ஒரு முறை ஆசை ஆசையாக எழுதியிருந்தார். கீழே சைக்கிள் பழுது பார்க்கிற கடை, எதிரே பெரிய தண்ணீர்த் தொட்டி, மாடியில் ஒரே அறை, பச்சை ஜன்னல் என்று. அப்போது ஊர் தெரியாத அறையாக இருந்தது. இப்போது யோசித்தால், ரயில்வே கேட்டைத் தாண்டி அப்படி ஒரு இடம் இருக்கிறதே!

“நேரா போங்க” என்றாள்.

“மேடம், தினமும் மைதானத்தைத்தானே சுத்துவோம்?”

“இன்னிக்கு டிராபிக். எத்தனை நாள் மைதானத்தையே சுத்துவீங்க?”

மருந்துக்கடைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கார் தலையில் ‘கற்றுக்கொள்பவர்’ என்று பெரிய பலகை. துப்பறியக் கிளம்பினவள் இப்படித் தலையில் பலகை மாட்டிக்கொண்டா போவாள் என்று கேட்காதீர்கள். வயிறு எரிகிறவளுக்கு அதெல்லாம் தோன்றாது.

கைப்பையில் தண்ணீர் சொட்டுவதுபோல் ‘டொக்’கென்று ஒரு சத்தம். மருந்துக்கடைக்காரர் பதறிக் காரை நிறுத்திவிட்டார்.

“ஒண்ணுமில்ல, என் போன். நீங்க எடுங்க.” ஏணிக்குத் தனியாக யாராவது எழுதினால் மட்டும் வருகிற சத்தம் அது. ஓரமா ஒருத்தர் எழுதினால் உடனே தெரிய வேண்டுமே என்று இன்றைக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தாள். அவரேதான். “அம்மா, இன்றைக்குக் கிளம்பலாம் என்று இருக்கிறேன்.”

இன்றைக்கா!

“கொஞ்சம் வேகமா போங்க சார்.”

“நீங்கதானே மேடம் மெதுவாப் போகச் சொல்வீங்க?”

“இன்னிக்கு வேகம் சொல்லித்தர்ற நாள்!”

ரயில்வே கேட், இரும்புக் கடைகள், ஒரு பள்ளிக்கூட மதில். தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. எதிரே சைக்கிள் கடை, மேலே பச்சை ஜன்னல். ஜன்னலை யாரோ புதிதாகத் துடைத்திருந்தார்கள். அவள் கால் அவளைக் கேட்காமலே பிரேக்கை அமுக்கியது.

“மேடம்” என்றார் மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி. “கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்கன்னு சொல்வீங்கல்ல, பார்த்துக்கிட்டே வந்தேன். நாம கிளம்பினதுலேர்ந்து பின்னாடி ஒரு ஸ்கூட்டர் வருது.”

திரும்பிப் பார்த்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியவர் அவள் கணவர்.

* * *

அவர் பச்சை ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இதுதானா?” என்றார்.

“அதை நான் கேக்கணும். இதுதானா?”

“என்னைக் கேக்கறியா? சாவி வாங்கினது நீயா, நானா?”

“நானா? நான் எதுக்குச் சாவி வாங்கறேன்? நீங்கதான் போனைக் குளியலறைக்கெல்லாம் தூக்கிட்டுப் போறீங்க. இன்னிக்கு லேபுக்கு லீவு போட்டுட்டு வந்து நிக்கறீங்க!”

“உன் பின்னாடி வரத்தான் லீவு போட்டேன். நீ எங்க போறேன்னு பார்க்கத்தான்.” அவர் கண் கலங்கிவிட்டது. வாயே திறக்காத மனிதர், நடுரோட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் கொட்டித் தீர்த்துவிட்டார். “ஒரு நாள் நீ போனை ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டுக் குளிக்கப் போயிட்ட. ‘சாவி வாங்கிட்டேன், இனி சொல்லிட்டுப் போறதுதான் பாக்கி’ன்னு திரையில இருந்துச்சு. நீ எழுதினதுன்னு நெனச்சேன். கேக்கப் பயமா இருந்துச்சு. கேட்டா, ‘ஆமாம்’னு சொல்லிட்டா? அதான் நானும் அந்தக் குழுவில போய்ச் சேர்ந்தேன். போகாதீங்க, போகாதீங்கன்னு தினமும் எழுதினேன். வாயில்லாப்பூச்சின்னு பேர் வச்சுக்கிட்டு.”

அவளுக்கு உலகமே ஒரு கணம் நின்றுவிட்டது.

வாயில்லாப்பூச்சி! எத்தனை பத்தி எழுதியிருப்பார்! ஒன்று விடாமல் அழித்தவள் அவள். இந்த மனிதரா தனக்காக அப்படிக் கெஞ்சினார்? இவரையா சந்தேகப்பட்டாள்? ஓவென்று அழ வேண்டும்போலவும், அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காத பாவனையில் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எங்கயும் போகலைங்க” என்றாள். “சத்தியமா நான் எழுதலை. படிச்சேன், அவ்வளவுதான். அந்தக் கடிகாரத்தைப் பத்தி எழுதினதும் நீங்கதான்னு நெனச்சேன்.”

“காலையில நாற்காலி மாறச் சொல்லியிருந்துச்சில்ல? நீ எங்க உட்காரப்போறன்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ உன் நாற்காலியில உட்காரவே இல்ல. நின்னுக்கிட்டே குடிச்ச. சரி, முடிஞ்சுது கதைன்னு நெனச்சுட்டேன்.”

“நீங்க மாமா நாற்காலியில போய் உட்கார்ந்தீங்களே, அது?”

“நான் வேற எங்க உட்கார்றது? நான் வரும்போதே அப்பா என் நாற்காலியில உட்கார்ந்திருந்தார். எழுந்திருங்கன்னா சொல்ல முடியும்?”

சொல்லி முடித்ததும் அவர் வாய் நின்றுவிட்டது. அவளும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா!

“சார்” என்று கார் ஜன்னலைத் தட்டினாள் பிரேக்கம்மா. “வண்டியை எடுங்க. எங்க வீட்டுக்கு.”

* * *

ஸ்கூட்டரைச் சைக்கிள் கடை வாசலில் விட்டுவிட்டுக் கணவர் பின்இருக்கையில் ஏறிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்காமலே கியர் மாற்றினார்.

“எல்லாம் அந்த ஏணியம்மாவால வந்தது” என்றார் கணவர். ஒரு தடவை திறந்த வாய், மூடமாட்டேன் என்றது. “யார் பெத்த பொண்ணோ! போ, போ, சாவியை வாங்குன்னு தூண்டிவிட்டுக்கிட்டே இருக்கா. நான் ஒரு வார்த்தை எழுதினா தூக்கி எறியறா. காலையில எழுதினதையும் காணோம். ராட்சசி. அடுத்தவன் வீட்டுல ஒரு வயசானவர் கிளம்பிப் போனா அவளுக்கு என்ன நஷ்டம்?”

பிரேக்கம்மா வாயே திறக்கவில்லை. காது மடல் சுட்டது. இப்போது சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சற்றுமுன் கண் கலங்கி அவர் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அப்படிப் பார்த்திருக்கிறார். அதை உடனே கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் இருவரும் உள்ளே ஓடினார்கள்.

சமையலறையில் மாமனார் உட்கார்ந்திருந்தார், காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில், மகனுடைய நாற்காலியில். சலவைச் சட்டை, காலில் ஷூ, பக்கத்தில் ஒரு பை. மேஜைமேல் டேப்லெட். அதன்மேல் ஒரு சாவி.

பிரேக்கம்மா முதலில் பார்த்தது சுவரைத்தான். பத்து நிமிடம் முன்னால் ஓடிய கடிகாரம் சரியான மணியைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அதைச் சரி பண்ணிட்டேன்மா” என்றார் மாமனார். “கோவிச்சுக்காத. என் இடத்துலேர்ந்து நேரா பார்த்தா அதுதான் தெரியும். ஆயுசு முழுக்கச் சரியான மணி சொன்ன ஆளு, தினமும் ஒரு பொய்யைப் பார்த்துக்கிட்டே சாப்பிட வேண்டியிருந்துச்சு. இங்க உட்கார்ந்தா தெரியலை. நிம்மதியா இருக்கு.”

“அப்பா, என்னப்பா இதெல்லாம்?”

“ரூம் பார்த்துட்டேன்டா. சின்ன ரூம்தான். நல்ல காத்து வருது.” அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “சொல்லாமத்தான் போயிருப்பேன். காலையில ஒருத்தன் எழுதியிருந்தான், ஒரு வார்த்தை நேர்ல சொல்லிட்டாவது போங்கன்னு. கொஞ்ச நேரத்துல அது காணாமப் போயிடுச்சு. ஆனா நான் படிச்சுட்டேன். மனசு கேக்கலை. அதான் உட்கார்ந்திருக்கேன்.”

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் என்ன தப்பு பண்ணினேன், மாமா?” என்றாள் பிரேக்கம்மா.

“ஒரு தப்பும் பண்ணலைம்மா. அதுதான் கஷ்டமே.” மாமனார் சிரித்தார். “என்னைப் பார்த்தா உனக்கு என்ன தோணுதோ தெரியலை, திருத்த வேண்டிய ஆளாவே தெரியறேன். கூன் போடாத, தண்ணி குடி, நட, சிரி. சரிம்மா, செய்யறேன். ஆனா நீ என்னை, ‘எப்படி இருக்கீங்க, மாமா’ன்னு கேட்டு எவ்வளவு நாளாச்சு? கேட்டுட்டு, பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்து எவ்வளவு நாளாச்சு?”

அவள் கேட்டதே இல்லை.

“அங்க ஒரு அம்மா இருக்காங்க” என்று டேப்லெட்டைத் தடவினார் மாமனார். “ஏணியம்மான்னு பேரு. யாரு எவருன்னே தெரியாது. நான் என்ன எழுதினாலும் முழுசாப் படிப்பாங்க. ‘உங்களுக்கு வலிக்குதுன்னு புரியுது’ன்னு ஒரு தடவை எழுதினாங்கம்மா. ராத்திரி பூரா அதையே படிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க பேசற மாதிரி நீ ஒரே ஒரு நாள் பேசியிருந்தா, நான் ஏம்மா வீட்டை விட்டுப் போகப்போறேன்?”

பிரேக்கம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வரியை எழுதிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இதே சமையலறையில், இதே அடுப்பருகில் நின்றுகொண்டு எழுதினாள். அப்போது மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “இருங்க மாமா, முக்கியமான வேலையா இருக்கேன்” என்று கையமர்த்திவிட்டாள்.

“போகாதீங்கப்பா” என்றார் கணவர்.

“நீ சொன்னா போதாதுடா. எனக்கே ரெண்டு மனசா இருக்கு. போகட்டுமா, இருக்கட்டுமான்னு அந்த அம்மாவையே கேட்டுடறேன். அவங்க என்ன சொல்றாங்களோ, அதுபடி செய்யறேன். தனியா அவங்களுக்கு மட்டும் எழுதறதுக்கு ஒரு வழி இருக்கு.” ஏற்கெனவே தட்டி வைத்திருப்பார் போலிருக்கிறது. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டு, ஒற்றை விரலை உயர்த்தி, ஒரு பஸ்ஸை அனுப்புகிற நிதானத்தோடு திரையைக் குத்தினார்.

பிரேக்கம்மாவின் வலது கால் தரையை அமுக்கியது. தரையில் பிரேக் இல்லை.

அவள் தோளில் தொங்கிய கைப்பைக்குள்ளிருந்து, தண்ணீர் சொட்டுவதுபோல் ‘டொக்’கென்று சத்தம் வந்தது.

கணவர் மெதுவாகத் திரும்பினார். கைப்பையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். காரில் வரும்போது தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், அதற்கு அவள் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முகத்தில் ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளந்தியாகச் சிரித்தார்.

“ஏம்மா நிக்கற? உனக்குத்தான் ஏதோ வந்திருக்கு, எடுத்துப் பாரு.”